லிஸ்ட்டை ஸ்ட்ரிங் ஆக்கும்போது சத்தமில்லாமல் தப்பானது: உங்களுக்கும் நடந்ததா?

ராத்திரி ஷிப்ட்

ஒவ்வொரு கடைக்கும் அது வாங்கிய பொருள்களின் எண்களைக் கமா போட்டு ஒரே ஸ்ட்ரிங்காக, அதாவது ஒரே எழுத்து வரியாகத் தரும் ரிப்போர்ட் ஒன்று எங்களிடம் இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் குரூப் கான்கேட் (பல மதிப்புகளை ஒரே ஸ்ட்ரிங்காக ஒட்டும் ஃபங்ஷன்), அவ்வளவுதான் க்வெரி. சின்னக் கடைகளுக்கு ஒரு குறையும் இல்லை. மொத்த வியாபாரிகள்தான் "பாதிச் சரக்கைக் காணோமே" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

தோண்டிப் பார்த்தால், அந்த ஃபங்ஷன் 1024 பைட்டோடு ஸ்ட்ரிங்கை நறுக்கிவிடுகிறது. டீஃபால்ட் எல்லையே அதுதான். எரர் வராது, ஒரு வார்னிங் மட்டும் வரும். எங்கள் அப்ளிகேஷனில் வார்னிங்கை யார் படிக்கிறார்கள்? இதில் கொடுமை என்னவென்றால், கடைசி எண் 48213 என்பது 482 என்று வெட்டுப்பட்டு நிற்கும். 482 என்றும் நிஜமாகவே ஒரு பொருள் இருக்கிறது! அதனால் பார்க்கிற யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

டெஸ்ட்டில் ஏன் மாட்டவில்லை என்று கேட்பீர்கள். டெஸ்ட் சர்வரில் இருந்தது மரியாடிபி, மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்த டேட்டாபேஸ். அதன் 10.2.4 பதிப்பிலிருந்து இந்த எல்லை 1 எம்பி.

பைத்தான் டீச்சர்

தமிழ்ப் பெயர்களைச் சேர்த்திருந்தால் இன்னும் சீக்கிரம் வெட்டுப்பட்டிருக்கும். எழுத்துகளைப் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில் நம் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். "தமிழ்" என்ற ஒரு சொல்லே ஐந்து குறியீடு, 15 பைட்.

வகுப்பில் நான் அடிக்கடி பார்ப்பது வேறு. லிஸ்ட்டை ஒட்டிச் சேர்க்கும் ஜாயினுக்கு லிஸ்ட் தர வேண்டிய இடத்தில் ஒற்றைப் பெயர் போய்விடும். பைத்தானுக்கு ஸ்ட்ரிங்கும் ஒன்றொன்றாக எடுக்கக்கூடிய தொகுப்புதான் என்பதால் மறுப்பே சொல்லாது. ஆங்கிலப் பெயர் என்றால் எழுத்துக்கு எழுத்து கமா விழும். தமிழ் என்றால் த, ம, அப்புறம் இகரக் குறி தனியாக, ழ, புள்ளி தனியாக, எல்லாவற்றுக்கும் நடுவில் கமா. பிள்ளைகள் ஃபான்ட் கெட்டுவிட்டது என்று நினைத்து ஃபான்ட் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

லிஸ்ட்டுக்குள் எண் இருந்தால் மட்டும் டைப் எரர் அடித்து நின்றுவிடும். அதை எல்லோரும் திட்டுகிறார்கள், எனக்கு அது பிடிக்கும். ஒவ்வொன்றையும் ஸ்ட்ரிங்காக்கும் மேப் எஸ்டிஆர் ஒன்று சேர்த்தால் தீர்ந்தது.

கமா ரசிகன்

டீச்சர், ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் வந்து பாருங்கள், எதற்குமே நிற்காது. மதிப்பே இல்லை என்று சொல்லும் நல், அன்டிஃபைன்ட் இரண்டும் ஜாயினில் வெறும் காலியிடமாகிவிடும். லிஸ்ட்டுக்குள் லிஸ்ட் இருந்தால் டூஸ்ட்ரிங் எல்லாவற்றையும் ஒரே வரிசையாகத் தட்டையாக்கிவிடும், எது எதற்குள் இருந்தது என்று பிறகு தெரியாது. மேப் என்கிற பெயர்-மதிப்பு ஜோடித் தொகுப்பை, டேட்டாவை ஜேசன் என்ற எழுத்து வடிவமாக்கும் ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபையிடம் கொடுங்கள், உள்ளே எத்தனை இருந்தாலும் வெற்று அடைப்புக்குறிதான் திரும்பி வரும். எங்கள் டீமில் ஒருவர் "சர்வர் டேட்டாவே அனுப்பவில்லை" என்று பேக்எண்ட்காரர்களோடு ஒரு மதியம் முழுக்கச் சண்டை போட்டார்.

புதுசு

ஜாவாவில் எண் அரேயை பிரிண்ட் செய்தால் சதுர அடைப்பு, ஐ, ஆட் குறி, பின்னால் ஏதோ எண் வருகிறது. இது மெமரி முகவரியா அண்ணா?

ராத்திரி ஷிப்ட்

இல்லை தம்பி. டைப்பின் குறியும், ஆப்ஜெக்டுக்கு ஜாவா தரும் எண்ணான ஹாஷ்கோடும்தான் அது. அரேஸ் டூஸ்ட்ரிங் போடு, உள்ளே இன்னொரு அரே இருந்தால் டீப்டூஸ்ட்ரிங். ஸ்ட்ரிங்குகளைக் கமா போட்டுச் சேர்க்க ஜாவா 8இலிருந்தே ஸ்ட்ரிங் ஜாயின் இருக்கிறது.

பைத்தான் டீச்சர்

சேர்த்ததைத் திரும்பப் பிரிக்கும் வேலை இருந்தால் கமாவை நம்ப வேண்டாம். "12, மேல வீதி" என்று ஒரு முகவரி வந்தால் போச்சு. காலி லிஸ்ட்டைச் சேர்த்துவிட்டு கமாவால் பிரித்துப் பாருங்கள், காலி ஸ்ட்ரிங் ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கும், நீளம் 1 என்று சொல்லும். ஜேசனுக்குப் போய்விடுவது நல்லது. பைத்தானில் ஜேசன் எழுதும்போது என்ஷ்யூர் ஆஸ்கி என்ற ஆப்ஷனை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள். ஆக்காவிட்டாலும் டேட்டா கெடாது, ஆனால் தமிழெல்லாம் யுனிகோடு எண்களாக வரும், லாகில் கண்ணால் தேட முடியாது.

ராத்திரி ஷிப்ட்

ஆமாம், நாங்களும் மதிப்புகளை ஜேசன் லிஸ்ட்டாகத் தரும் மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷனான ஜேசன் அரேஏக்கிற்கு மாற்றிவிட்டோம், 1024 தொல்லை அதற்கு இல்லை. ஆனால் அது எண்களை எந்த வரிசையில் தரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. வியாபாரிகள் இப்போது அதற்குக் கூப்பிடுகிறார்கள்.