புதுப்பிப்பு: மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கான இளவேனில் கைவேலைகள்

கடையில் எதுவும் வாங்காமல், சித்திரை மாதத்தில் வாண்டுகளோடு செய்யக்கூடிய கைவேலை சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

வெண்டைக்காய் அச்சு நன்றாக வந்தது. குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ்ப் பூ மாதிரியே இருக்கும். ஆனால் வெட்டியதும் வழவழப்பில் சாயம் ஒட்டாது. வெட்டிய பக்கத்தைத் துணியில் ஒற்றி, சற்று உலரவிட்டு, அப்புறம் தோய்க்கணும். சாயத்துக்கு மஞ்சள்தூளை மைதாக் கூழில் குழைத்தோம்.

இங்கேதான் பெரிய சந்தோஷம். அச்சு காய்ந்தபின், சமையல் சோடா கரைத்த தண்ணீரைப் பஞ்சால் தொட்டு வைத்தால் மஞ்சள் பூ செக்கச்செவேல் என்று மாறும். என் மகள் கத்திய கத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்தார். "பூவரசம் பூவும் இப்படித்தான் கண்ணு, காலையில மஞ்சள், சாயங்காலம் சிவப்பு" என்றார். மறுநாள் மரத்தடிக்கே கூட்டிப்போய்க் காட்டினேன். இலையைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கிப் பீப்பியும் ஊதினோம். வெண்டைக்காய் அச்சுப் படங்களை வெயில் படாமல் வையுங்கள், மஞ்சள் சீக்கிரம் வெளுத்துவிடும்.

பனையோலைக் காற்றாடியை முள்ளில் செருகிச் சுற்றுவது பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.

குன்றிமணி ஒட்டலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தார். தயவுசெய்து வேண்டாம், அந்த விதை கடும் நஞ்சு. மஞ்சாடி விதையையும் இந்த வயதில் தவிர்ப்பதே நல்லது, தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அதற்குப் பதிலாக உதிர்ந்த வேப்பம்பூவையும் கொன்றை இதழையும் ஒட்டச் சொல்லுங்கள்.