சிம்னி ஃபில்டரில் இறுகிய எண்ணெய்ப் பிசுக்கு, நெடி இல்லாமல் நீக்க வழி வேண்டும்

சமையலறைச் சிம்னியின் ஃபில்டரில் எண்ணெய்ப் பிசுக்கு காய்ந்து, பழுப்பு நிறத்தில் வார்னிஷ் போல இறுகிவிட்டது. தொட்டால் லேசாக ஒட்டும், நகத்தால் சுரண்டினால் பெயராது. அடுப்பு சூடேறியதும் பழைய எண்ணெய் வாடை வேறு.

60 செ.மீ. சிம்னி, அலுமினிய வலை ஃபில்டர். இரண்டு வருடப் பயன்பாடு. கடந்த சில மாதங்களாகத்தான் இந்த நிலை. வீட்டில் மூச்சிரைப்பு உள்ள குழந்தை இருக்கிறாள். அதனால் ப்ளீச், அம்மோனியா, நெடி அடிக்கும் ஸ்ப்ரே எதுவும் உள்ளே வரக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்துப் பார்த்தேன். மேலே இருந்த புதுப் பிசுக்கு போனது, அடியில் உள்ளது அப்படியே இருக்கிறது. வினிகர் உப்புக் கறைக்குச் சரி, இதற்கு உதவவில்லை. அதோடு சமையல் சோடாவைக் கலக்கச் சொல்கிறார்கள்; நுரை அடங்கியதும் ஒன்றையொன்று சமன்செய்துவிடும் என்பதால் அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சோடாவை மட்டும் குழைத்துப் பூசித் தேய்த்ததில் ஓரம் கொஞ்சம் வெளுத்தது. வலைக்குள் பிரஷ் நுழையவில்லை.

சலவை சோடா எண்ணெயை நன்றாக இளக்கும், ஆனால் அலுமினியத்தைக் கறுக்க வைக்கும். காஸ்டிக் சோடா அரித்தே விடும். அதனால் இரண்டையும் தொடவில்லை.

அலுமினியம் கெடாமல், நெடியும் இல்லாமல், இப்படி இறுகிய பிசுக்கை எதை வைத்து, எவ்வளவு நேரம் ஊறவைத்து எடுத்தீர்கள்?