பதில்: தெர்மோஸ்டாட் – ‘வெப்பநிலை நிறுத்தி’ போதுமா?

> கார் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். “இன்ஜின் சூடேற நேரமானால் முதலில் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள்” என்று ஒரு வரி. ‘வெப்பநிலை நிறுத்தி’ என்றே போட்டுவிடவா?

வணக்கம்.

வேண்டாம் என்பேன். கிரேக்கத்தில் தெர்மோஸ் என்றால் சூடு, ஸ்டாட்டோஸ் என்றால் நிற்பது. இரண்டையும் தமிழில் ஒட்டிவைத்த சொல் இது. இஸ்திரிப்பெட்டிக்குச் சரி, சூடு அளவை எட்டியதும் மின்சாரத்தை நிறுத்துகிறது. காரில் இருப்பது எதையும் நிறுத்துவதில்லை. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், அதை ஆறவைக்கும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைச் சூடு ஏறும்வரை மூடிவைக்கிறது, ஏறியதும் திறக்கிறது, அவ்வளவுதான். ‘நிறுத்தி’ என்று படித்தவர் அது கெட்டால் இன்ஜின் கொதிக்கும் என்றுதான் நினைப்பார். உங்கள் வரி பேசுவதோ நேர்மாறான கோளாறை.

இதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன். இருபது நிமிடம் ஓட்டியும் என் வண்டியின் சூட்டுமுள் கால்வாசியைத் தாண்டாது. சிக்னலில் நின்றால் கொஞ்சம் ஏறும், வேகமெடுத்தால் மறுபடி இறங்கும். ஹீட்டரில் வெதுவெதுப்பான காற்றுகூட வராது. எரிபொருள் மட்டும் கூடுதலாகக் குடித்தது. இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருப்பதாக எண்ணி அதன் கணினி பெட்ரோலைத் தாராளமாக ஊற்றினால் வேறென்ன ஆகும்? பழுது பார்த்தவர் சென்சாரை மாற்றினார். பலனில்லை. கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் பி0128 என்ற குறி (கூலன்ட் உரிய சூட்டை எட்டவில்லை என்று பொருள்) வந்தபிறகுதான் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினோம்.

கையில் அடங்கும் பொருள். நடுவே ஒரு சின்னக் கிண்ணம், அதற்குள் மெழுகு, சுற்றிலும் சுருள்வில், மேலே வட்டத் தகடு. விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது. அது திறக்கத் தொடங்கும் வெப்பநிலை, செல்சியஸில். மெழுகு உருகிப் பருக்கும்போது தண்டைத் தள்ளும், தகடு விலகும், கூலன்ட் ரேடியேட்டருக்குப் பாயும். ஆறினால் வில் தகட்டை இழுத்து மூடிவிடும். கழற்றியதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். தகட்டுக்கும் அது மூடும்போது அமரும் விளிம்புக்கும் நடுவே பிறை போல ஒரு வெளிச்சக் கீற்று. துருச்செதில் ஒன்று அங்கே சிக்கியிருந்தது. மூடவேண்டியது மூடாமல், கிளப்பிய நொடியிலிருந்தே கூலன்ட் ரேடியேட்டருக்குப் போய் ஆறிக்கொண்டிருந்திருக்கிறது.

புதிதாக வாங்கியதை நூலில் கட்டி, அடியில் படாதபடி பாத்திரத்து நீரில் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியும் வைத்துச் சூடாக்கினேன். 80 வரை அசையவில்லை. 83, 84இல் தகடு மயிரிழை விலகியது. பிறகு மெல்ல மெல்ல, மொட்டு அவிழ்வது போல. பார்த்துக்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தது ஏரி மதகு. அடைத்துவைத்து, வேளை வந்ததும் திறந்துவிடுவது.

ஆகவே என் பரிந்துரை: *வெம்மதகு*. வெம்மை + மதகு. வெந்நீர் புணர்ந்த அதே வழி.

---

> வால்வுக்கு ஏற்கெனவே ‘ஓரதர்’ இருக்கிறதே? மதகுதான் வேண்டுமென்றால் ‘மடை’ இன்னும் சின்னச் சொல். ‘மடைமாற்று’ என்று இன்றும் எழுதுகிறோம். மூடியிருக்கும்போது கூலன்டை இன்ஜினுக்குள்ளேயே சுற்றவிடுவதும் மடைமாற்றுதானே? ‘வெம்மடை’ என்றால் என்ன? இன்னொன்று: மதகை ஆள் திறக்கவேண்டும், இது தானே திறக்கிறது.

ஐயா, ஓரதர் என்பது ஓர் அதர், அதாவது ஒருவழிப் பாதை. பின்னோக்கிப் பாயவிடாத வால்வுக்கு அழகான சொல். இங்கே சிக்கல் திசை அல்ல, வேளை.

மடை எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் மடைப்பள்ளி குறுக்கே நிற்கிறதே! மடை என்றால் சோறும்தான். வெம்மடை என்று எழுதினால் பாதிப் பேருக்குச் சுடுசோறு நினைவுக்கு வரும். ‘மடைமாற்று’ப் பொருத்தம் உண்மை; அதை அந்தச் சுற்றுவழிக் குழாய்க்கு வைத்துக்கொள்ளலாம்: *மடைமாற்றுக் குழாய்*.

ஆள் திறப்பது பற்றி: அந்த ஆள் வேலையைத்தான் மெழுகு செய்கிறது. ‘வெம்’ என்ற முன்னொட்டு சொல்வதும் அதையே. ‘தானியங்கி’யையும் சேர்த்தால் பெயர் ரயில்வண்டி ஆகிவிடும்.

மதகை நான் பிடித்துக்கொள்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. இதன் கோளாறு இரண்டே வகை. திறந்தபடி நின்றுவிட்டால் சூடேறாது; மூடியபடி இறுகிவிட்டால் கொதித்துவிடும். *மூடா மதகு*, *திறவா மதகு* என்றால் முடிந்தது. செல்லாக் காசு, வாடா மலர் வரிசையில் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், பட்டறையில் சொன்னாலும் புரியும். ‘மூடா வெப்பநிலை நிறுத்தி’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

---

> சரி, மதகுக்கு நானும் கை தூக்குகிறேன். அந்தப் பகுதி எப்படி வரும் என்று எழுதிக்காட்டுங்கள்.

இப்படி:

“இன்ஜின் சூடேற நேரமானால் முதலில், அது ஆறியிருக்கும்போது, கூலன்ட் அளவைப் பாருங்கள். அளவு சரியென்றால், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, விசிறியிலிருந்து கையை விலக்கியே வைத்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். வெம்மதகு (தெர்மோஸ்டாட்) நன்றாக இருந்தால் ஹோஸ் சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுடும். தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் மூடா மதகு என்று கொள்ளலாம். வெம்மதகு கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும் வண்டிகளில் இந்தச் சோதனை இப்படியே பொருந்தாது.”

முதல் இடத்தில் மட்டும் பிறைக்குறிக்குள் தெர்மோஸ்டாட் இருக்கட்டும்; கடையில் கேட்டு வாங்க அந்தப் பெயர்தான் உதவும். ரேடியேட்டருக்குச் சொல் தேடுபவர்கள் தனி இழை தொடங்குங்கள், இதை அதில் கலக்கவேண்டாம்.