கணக்கில் எம்.எஸ்சி. முடித்துவிட்டுக் கண்மாயை ஆராய்ச்சிக்கு எடுக்கலாமா?

தேவகோட்டைக்காரன்:
காரைக்குடியில் எம்.எஸ்சி. கணக்கு முடித்தாயிற்று, பிஎச்.டி.க்குத் தலைப்பு தேடுகிறேன். எங்கள் ஊர்க் கண்மாய்க்கு மேலக் கண்மாய் நிரம்பி மறுகால் போனால்தான் தண்ணீர். ஆயக்கட்டில், அதாவது கண்மாய் பாயும் நிலத்தில், பாதிப் பேர் போர்வெல் போட்டுவிட்டார்கள், மீன் ஏலம் தனி அரசியல். இதை மாடலாக எழுத ஆசை. ஆனால் கணக்குத் துறையில் "தேற்றம் எங்கே" என்கிறார்கள், பொருளாதாரத்தில் "சர்வே எங்கே", சுற்றுச்சூழல் ஆட்கள் "தண்ணீர் சாம்பிள் எடுத்தாயா". ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கிறேன். பொது மேய்ச்சல் நிலத்தில் ஆளாளுக்கு மாடு சேர்த்து நிலத்தையே அழிப்பார்கள் என்று ஹார்டின் 1968ல் பொதுச்சொத்து பற்றி எழுதிய கட்டுரையில் ஆரம்பிக்கலாமா? இப்படிக் கலந்து செய்து தேறியவர்கள் உண்டா?

வட்டிக்கணக்கு:
உண்டு தம்பி. கனடாவில் காலின் கிளார்க் என்று ஒரு கணக்குக்காரர். ஹார்டினுக்கு முன்னாலேயே, 1954ல், ஸ்காட் கார்டன் மீன்பிடிப்பை வைத்துப் பொதுச்சொத்துக் கதையைச் சொல்லிவிட்டார். யாருக்கும் சொந்தமில்லாத கடலில் லாபம் பூஜ்யமாகும்வரை படகு சேரும் என்பது அவர் வாதம். "சரி, ஒருத்தனுக்கே சொந்தமாக்கிவிட்டால் மீன் பிழைக்குமா?" என்று கிளார்க் 1973ல் கேட்டார். பிழைக்காமலும் போகலாம் என்று கணக்குப் போட்டே காட்டினார். உயிரினம் பெருகும் வேகத்தைவிட வட்டி போதுமான அளவு அதிகமாக இருந்து, கடைசி உருப்படியைப் பிடிக்கும் செலவும் விலைக்குள் அடங்கினால், மொத்தத்தையும் பிடித்து விற்று அந்தப் பணத்தை வட்டிக்கு விடுவதுதான் முதலாளிக்கு லாபம். நம்ம பக்கத்து ஆட்களுக்கு இந்த வட்டிக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. அதில் தேற்றமும் இருக்கிறது, உதாரணத்துக்குத் திமிங்கிலமும் இருக்கிறது. அவருடைய 1976 புத்தகத்தை எடுங்கள். காலப்போக்கில் எது சிறந்த முடிவு என்று கண்டுபிடிக்க உதவும் பொன்ட்ரியாகின் கொள்கை தெரிந்தால் போதும், உள்ளே போய்விடலாம்.

கலுங்கடி:
ஹார்டினில் ஆரம்பிக்காதீர்கள் என்பேன். அவர் சொன்ன மேய்ச்சல் நிலத்தில் யாரும் யாரிடமும் பேசுவதில்லை. நம்ம கண்மாயில் பேச்சைத் தவிர வேறென்ன நடக்கிறது? எந்த மடையை எப்போது திறப்பது, வயலுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் நீர்பாய்ச்சிக்கு எவ்வளவு நெல், வரத்துக்கால் வெட்ட வீட்டுக்கு எத்தனை ஆள், எல்லாமே பேசி வைத்த முறைதான். எலினார் ஆஸ்ட்ரம் 1990ல் எழுதியது இதைத்தான். வலென்சியாவில் வாய்க்கால் தகராறை விவசாயிகளே வாராவாரம் கூடித் தீர்ப்பதிலிருந்து ஸ்விட்சர்லாந்து மலைக்கிராமம் வரை பார்த்தவர். அரசியல் அறிவியல் படித்த அம்மாவுக்கு 2009ல் பொருளாதார நோபல் கொடுத்தார்கள், துறை பார்த்து யாரும் தடுக்கவில்லை.

முறை எப்போது உடைகிறது என்பதுதான் உங்களுக்கான கேள்வி. போர் வைத்தவன் வரத்துக்கால் வெட்ட வரமாட்டான். அவன் வராததால் வண்டல் சேரும், சீமைக்கருவேலம் ஏறும், கண்மாய் மேடாகும், அடுத்தவனும் போர் போடுவான். எத்தனை போர் வரை முறை தாங்கும்? இதைத் தேற்றமாகவே எழுதலாமே.

சம்பை ஊற்று:
மேலே சொன்னதோடு ஒன்று. 1980ல் கிஸர், சான்செஸ் என்ற இருவர் நியூ மெக்சிகோவின் பெக்கோஸ் பகுதியை வைத்து ஒரு முடிவு சொன்னார்கள்: நிலத்தடி நீரை அவரவர் இஷ்டத்துக்கு இறைப்பதற்கும், அரசு திட்டம் போட்டு நிர்வகிப்பதற்கும் மொத்த லாபத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஆனால் அனுமானங்களைப் பாருங்கள். நிலத்தடியில் நீர் தேங்கும் தொட்டி பெரியது, நீர்மட்டம் இறங்க இறங்க இறைக்கும் செலவு ஏறும், அந்தச் செலவே விவசாயியின் கையைக் கட்டும். நமக்கு விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். சுவிட்சைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போகிறவருக்கு நூறு அடியும் இருநூறு அடியும் ஒன்றுதான், மோட்டார் மாற்றும்போதுதான் வலி தெரியும். நம்ம சிவகங்கை மாவட்டத்தின் மேற்கே பாறை நிலம், தொட்டியும் சின்னது. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் அவர்கள் முடிவு நிற்குமா? ஒரு அத்தியாயம் அங்கேயே இருக்கிறது.

தேவகோட்டைக்காரன்:
அப்போ மீன் ஏலத்தை விட்டுவிடலாமா? எல்லாவற்றையும் சேர்த்தால் சமன்பாடு வாலைப் பிடித்தால் தலை தெரியாத மாதிரி ஆகிவிடுகிறது.

கலுங்கடி:
விடாதீர்கள், ஆனால் முதல் பேப்பரில் வேண்டாம். ஏலம் எடுத்தவர் மீன் வளரும்வரை தண்ணீரை இறக்க விடமாட்டார், பிடிக்கும் நேரம் வந்ததும் வடிக்கச் சொல்வார். நெல் பால் பிடிக்கும்போது இதே தகராறுதான். அது தனி ஆட்டம், இரண்டாவது பேப்பர்.

டேட்டாவுக்கு கிராம நிர்வாக அலுவலரிடம் பசலி (வருவாய்த்துறை ஆண்டு) வாரியாக அடங்கல் கேளுங்கள், எந்த வருடம் எவ்வளவு சாகுபடி என்று இருக்கும். ஆயக்கட்டு நாற்பது ஹெக்டேருக்கு மேல் என்றால் கண்மாய் முன்பு பொதுப்பணித்துறையிடம் இருந்தது, இப்போது நீர்வளத்துறை; கீழே என்றால் யூனியன். எதில் வருகிறது என்று தெரியாமல் போனால் இரண்டு ஆபீஸுக்கும் அலையவிடுவார்கள். கணக்குத் துறையில் ஒரு கைடு, பொருளாதாரத்தில் ஒரு இணை கைடு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வையுங்கள், பதிவு செய்த பிறகு கேட்டால் இழுபறிதான்.