ஒரு கிராம் புரதத்துக்கு எத்தனை ரூபாய்? புரோட்டீன் பவுடர் வாங்கும்போது கவனித்தவை

எடைத்தட்டு:
டப்பா விலையை டப்பா எடையோடு ஒப்பிடாதீங்க, உள்ளே இருக்கும் புரதத்தோடு ஒப்பிடுங்க. கணக்குக்காக மூணு விலை வச்சுக்கலாம். ஒரு கிலோ வே கான்சன்ட்ரேட் (பால் திரியும்போது பிரியும் நீரிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்) 2,200 ரூபாய். 33 கிராம் ஸ்கூப்பில் (டப்பாவோடு வரும் அளவுக் கரண்டி) 24 கிராம் புரதம் என்றால் கிலோவில் 727 கிராம், அதாவது கிராமுக்கு 3 ரூபாய் சொச்சம். அதையே இன்னும் சுத்திகரித்த ஐசோலேட் கிலோ 3,150. 30 கிராம் ஸ்கூப்பில் 27 கிராம் என்றால் கிலோவில் 900 கிராம், கிராமுக்கு மூன்றரை ரூபாய். டப்பா விலையில் 950 ரூபாய் வித்தியாசம், ஆனால் புரதக் கணக்கில் கிராமுக்கு அரை ரூபாய்கூட இல்லை.

உடல் எடை கூட்ட என்று விற்கும் மாஸ் கெய்னர்தான் ஏமாற்றும். 3 கிலோ 1,800 ரூபாய் என்றால் மலிவு மாதிரி இருக்கும். 100 கிராமில் 15 கிராம்தான் புரதம் என்றால் மொத்த டப்பாவிலும் 450 கிராம், கிராமுக்கு 4 ரூபாய். மீதி பெரும்பாலும் மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் மால்டோடெக்ஸ்ட்ரினும் சர்க்கரையும். மூணிலும் விலை அதிகம் இதுக்குத்தான். மருந்துக் கடையில் பெரியவங்களுக்கு வாங்கிக் கொடுக்கிற பவுடர்களையும் இதே கணக்கில் போட்டுப் பாருங்க. பலவற்றில் 100 கிராமுக்கு 30, 35 கிராம் புரதம்தான் இருக்கும்.

லேபிள் வாசகர்:
கணக்கு சரிதான். ஆனால் லேபிளில் போட்ட 24 கிராமும் உண்மையான புரதமா என்பதையும் பார்க்கணும். ஆய்வகத்தில் வழக்கமாக நைட்ரஜனை அளந்து, அதை 6.25 அல்லது 6.38-ஆல் பெருக்கித்தான் புரதம் என்று சொல்றாங்க. அதனால் கிளைசின், டாரின் மாதிரி விலை குறைந்த அமினோ அமிலங்களைக் கலந்தால் நைட்ரஜன் ஏறும், தசைக்கு வேண்டிய புரதம் ஏறாது. இதைத்தான் அமினோ ஸ்பைக்கிங் என்கிறார்கள்.

பிடிக்க வழி இருக்கு. சுத்தமான வே புரதத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. 24 கிராம் புரதத்துக்கு 2.4 கிராம் அளவில் லூசின் இருக்கணும். அமினோ அட்டவணையில் 2 கிராமுக்குக் கீழே இருந்தால் தள்ளி வையுங்க. அட்டவணையே இல்லாமல், உட்பொருள் பட்டியலில் கிளைசின், டாரின், அதே மாதிரி நைட்ரஜனை ஏற்றும் கிரியாட்டின் மூணும் தனியாக நின்றால் இன்னும் சந்தேகம். உட்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போடணும் என்பது விதி. முகப்பில் ஐசோலேட் என்று பெரிதாக எழுதிவிட்டு, பட்டியலில் முதலில் கான்சன்ட்ரேட் இருந்தால் நீங்க காசு கொடுப்பது கான்சன்ட்ரேட்டுக்குத்தான்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொருள்களைச் சோதித்து 2024-ல் மெடிசின் ஆய்விதழில் வெளியான கட்டுரையில், சுமார் 70 சதவீதத்தில் புரத அளவு லேபிளோடு ஒத்துப்போகலை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. சுமார் 14 சதவீதத்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சும் இருந்தது. அதனால் பேட்ச் வாரியாக வெளி ஆய்வக அறிக்கை போடும் பிராண்டுக்குக் கிராமுக்கு 30 காசு கூடக் கொடுக்கலாம்.

புதுசு:
அயோடின் சொட்டு விட்டுப் பார்த்தால் போலி தெரிஞ்சுடும்னு வீடியோவில் சொல்றாங்களே அண்ணா?

லேபிள் வாசகர்:
பாதிதான் உண்மை தம்பி. 100 மில்லி தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பவுடர், மூணு நாலு சொட்டு அயோடின். கருநீலமானால் மாவுச்சத்து கலந்திருக்கு. நிறம் மாறாவிட்டால் நல்ல பவுடர் என்று அர்த்தமில்லை. மால்டோடெக்ஸ்ட்ரின் பெரும்பாலும் அப்படி நீலமாகாது, கிளைசினும் ஆகாது. சோதித்த தண்ணீரைக் குடிச்சிடாதீங்க, கொட்டிடுங்க.

மொத்தக்கடை:
போலி டப்பா விஷயத்தில் ஒண்ணு. கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் ‘அசல்’ என்று காட்டும் பக்கத்தையே போலிக்காரங்க செய்து வைக்கிறாங்க. நிறுவனத்தின் இணைய முகவரியை நீங்களே டைப் செய்து, சுரண்டிப் பார்க்கும் எண்ணை அங்கே போடுங்க. வெளிநாட்டு டப்பா என்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் 14 இலக்க உரிம எண் மூணும் ஸ்டிக்கரில் இருக்கணும். பாதி விலை ஆஃபர் என்றால் முதலில் காலாவதித் தேதியைப் பாருங்க. 2 கிலோ டப்பாவை முடிக்க ஒரு ஆளுக்கு இரண்டு மாதம் ஆகும்.

புதுசு:
பால் குடித்தாலே வயிறு உப்பும். எனக்கு எது?

எடைத்தட்டு:
அதுக்குத்தான் ஐசோலேட். அதில் லாக்டோஸ் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் கீழே, கான்சன்ட்ரேட்டில் அதைவிடப் பல மடங்கு. பால் ஒத்துக்கொள்பவர்களுக்கு அந்த அரை ரூபாய் கூடுதல் தேவையில்லை. முதல் நாலு நாள் அரை ஸ்கூப், பாலில் இல்லாமல் 200 மில்லி தண்ணீரில். ஷேக்கரில் தண்ணீரை முதலில் ஊத்துங்க, பவுடரைப் பிறகு போடுங்க. மாத்திச் செய்தால் அடியில் கட்டியாக ஒட்டிக்கும். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் வே திரிஞ்சு போகும்.

சமையல்கட்டு:
எத்தனை ஸ்கூப் வேணும் என்று யாரும் கேட்கலையே? தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்னது உடல் எடை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். பளு தூக்குபவர்களுக்கு விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்வது கிலோவுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை. சாம்பார், தயிர், இரண்டு முட்டை, சுண்டல் எல்லாம் கணக்கெடுத்த பிறகு குறைவதற்கு மட்டும் பவுடர் போதும். 100 கிராம் சோயா உருண்டையில் 52 கிராம் புரதம் இருக்கு. கிலோ 150 ரூபாய் என்றால் கிராமுக்கு 30 காசுகூட ஆகாது. முட்டை 7 ரூபாய், 6 கிராம் புரதம் என்றால் 1 ரூபாய் 17 காசு. சிறுநீரகக் கோளாறு உள்ளவங்க டாக்டரைக் கேட்காமல் பவுடரைத் தொடவே வேண்டாம்.

எடைத்தட்டு:
உண்மை. இன்னொண்ணு, ஸ்கூப்பை நம்பாதீங்க. பவுடர் அமுங்கி இருந்தால் 33 கிராம் ஸ்கூப்பில் 38 கூட வரும், டப்பா நாலு நாள் முன்னாடியே காலியாகும். சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்து, ஸ்கூப்பில் மார்க்கர் கோடு போட்டுக்கோங்க. டப்பாவை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். வெளியே எடுத்துத் திறக்கும்போது ஈரம் படிஞ்சு கட்டிப் பிடிக்கும்.