25 மீற்றர் கேபிள் போட்ட பிறகு சிக்னல் இன்னும் குறைந்துவிட்டது, ஏன்?

வெள்ளவத்தைவாசி:
வணக்கம். மரைன் டிரைவ் பக்கம் ஏழு மாடித் தொடர்மாடியில் இரண்டாம் மாடி எங்கள் வீடு. சுற்றிவர உயர்ந்த கட்டடங்கள், 4ஜி படுமோசம். மொட்டைமாடியில் 10 டிபிஐ (சிக்னலைக் கூட்டிக் கொடுக்கும் அளவு) அன்டெனா ஒன்றைப் பூட்டி, 25 மீற்றர் கேபிள் இறக்கி ரவுட்டரில் கொடுத்தேன். ரவுட்டரின் சொந்தக் குட்டி அன்டெனாவில் -101 டிபிஎம் (சிக்னல் அளவு, பூச்சியத்தை நெருங்க நெருங்க நல்லது) காட்டியது, இப்போது -103! மேலே போனில் பார்த்தால் -88. அன்டெனாவைத் திருப்பித் திருப்பிக் கை ஓய்ந்துவிட்டது. போலி அன்டெனாவைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பழைய ரேடியோ:
கேபிளின் தோலில் என்ன அச்சடித்திருக்கிறது? 4ஜி எந்த பேண்டில் (அலைவரிசையில்) வருகிறது?

வெள்ளவத்தைவாசி:
ஆர்ஜி-58. புறக்கோட்டையில் வாங்கியது, பென்சில் தடிப்புக்கூட இல்லை. பேண்ட் 3, அதாவது 1800.

பழைய ரேடியோ:
அப்படியென்றால் அன்டெனாவைத் திட்ட வேண்டாம். 1800 மெகாஹேர்ட்ஸில் இந்தக் கேபிள் மீற்றருக்கு 0.8, 0.9 டெசிபல் தின்னும். 25 மீற்றருக்கு 20ஐத் தாண்டும். 20 டெசிபல் போனால் நூறில் ஒரு பங்குதான் கீழே வந்து சேரும். அன்டெனா பத்துக் கொடுக்கிறது, கேபிள் இருபது பிடுங்குகிறது. ரவுட்டர் அனுப்பும்போதும் இதே கதைதான். கனெக்டரையும் ஒருக்கா கழற்றிப் பாருங்கள், உங்கள் பக்கம் உப்புக் காற்று.

குறுக்குத்தெரு:
அண்ணா, கீழே ஒரு பூஸ்டர் போட்டால் சரிவராதா?

பழைய ரேடியோ:
தம்பி, கீழே வரும்போதே சிக்னல் இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும். அதைப் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். அனுமதியில்லாத பூஸ்டர் டவருக்கும் தொந்தரவு.

குறுக்குத்தெரு:
டிவிக்குப் போடுகிற ஆர்ஜி-6? அது 75 ஓம், அன்டெனாவும் ரவுட்டரும் 50 ஓம், பொருந்தாது என்கிறார்களே.

பழைய ரேடியோ:
பொருந்தாததால் போவது 0.2 டெசிபல் அளவுதான். அதே தூரத்துக்கு ஆர்ஜி-6 ஏழெட்டு டெசிபலோடு நின்றுவிடும். எல்எம்ஆர்-400 என்றால் ஐந்துக்குள், ஆனால் தடித்த கேபிள், விலையும் கூட, வளைத்து எடுப்பது பெரும்பாடு. நான் என்றால் ரவுட்டரையே மேலே ஏற்றிவிடுவேன். அன்டெனாவுக்கு இரண்டு மீற்றர் கேபிள் போதும். கீழே ஈதர்நெட் வயரை இறக்குங்கள், அது 100 மீற்றர் வரை தாங்கும்.

வெள்ளவத்தைவாசி:
நேற்றுப் பின்னேரம் ரவுட்டரை மேலே கொண்டுபோய், குட்டைக் கேபிளில் பூட்டிப் பார்த்தேன். -80! பழைய கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு, நடு ஊசி கறுத்திருந்தது. கேட் 6 ஈதர்நெட் வயர் வாங்கிவிட்டேன். ரவுட்டரைப் பெட்டிக்குள் வைத்தால் இந்த வெயிலுக்கு அவிந்துவிடாதா?

பழைய ரேடியோ:
தண்ணீர்த் தாங்கியின் நிழலில் பூட்டுங்கள். பெட்டியின் அடியில் இரண்டு துளை, மேலே ஒன்றும் வேண்டாம். வயர் பெட்டிக்குள் நுழையுமுன் கீழே தொங்கி வளைந்து ஏறட்டும், மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். ரவுட்டருக்கு வயர் வழியாகவே மின்சாரம் கொடுக்கப் போவதென்றால், அது எத்தனை வோல்ட் கேட்கிறது என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.