சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்புதல்: கடையா, செயலியா?

தேவகோட்டையான்:
அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். சம்பளம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக்குச் சென்று, அங்குள்ள கடை ஒன்றில் ஏறத்தாழ 1,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) கட்டி, ஊரிலுள்ள அப்பாவின் கணக்குக்கு அனுப்புவது என் வழக்கம். கைப்பேசிச் செயலியில் அனுப்பினால் கட்டணமே இல்லை என்று விடுதி நண்பர்கள் கூறுகிறார்கள். விடுதிக்கே வந்து பணத்தை வாங்கிச் செல்லும் ஒருவரோ, கடையைவிட வெள்ளிக்கு 50 காசு கூடுதலாகத் தருவதாகச் சொல்கிறார். இவற்றில் எது உண்மையில் மிச்சம், எது பாதுகாப்பு? அப்பா இந்தப் பணத்திற்கு வரி கட்ட வேண்டுமா? வெளிநாடு வருமுன் நான் தொடங்கிய சேமிப்புக் கணக்குக்கே பணத்தை அனுப்பிக்கொள்ளலாமா?

கணக்குப்பிள்ளை:
கட்டணம் எவ்வளவு என்று கேட்பதை விட்டுவிட்டு, 1,000 வெள்ளி கொடுத்தால் அப்பாவின் கணக்கில் எத்தனை ரூபாய் வரவாகும் என்று மட்டும் கேளுங்கள். சந்தை விலை வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டணமே வாங்காத செயலி 64.30 வீதம் கொடுத்தால் 64,300 ரூபாய் கிடைக்கும். 5 வெள்ளி கட்டணம் பிடித்துக்கொண்டு மீதி 995 வெள்ளிக்கு 64.90 வீதம் கொடுக்கும் செயலியில் 64,575 ரூபாய் கிடைக்கும். இலவசம் என்று சொன்ன இடத்தில்தான் 275 ரூபாய் குறைகிறது. முதல் முறை அனுப்புவோருக்கு மட்டும் சலுகை வீதம் காட்டும் செயலிகளும் உண்டு என்பதால், அதே வீதத்தை அடுத்த மாதமும் எதிர்பார்க்க வேண்டாம். சனி, ஞாயிறுகளில் நாணயச் சந்தை மூடியிருக்கும். திங்களன்று விலை மாறக்கூடும் என்பதற்காகச் சில நிறுவனங்கள் வீதத்தைச் சற்றுக் குறைத்தே வைத்திருக்கும். எனவே வார நாளில் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

வங்கிக் கிளை வழியாக வெள்ளியாகவே அனுப்புவது உங்கள் தொகைக்கு ஏற்றதன்று. இடையிலுள்ள வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்திய வங்கி அதை ரூபாயாக மாற்றும்போது, ஒரு லட்சம் வரையிலான தொகையில் ஒரு விழுக்காட்டை மதிப்பாகக் கொண்டு அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி போடும். 64,500 ரூபாய்க்கு அது சுமார் 116 ரூபாய்.

பொங்கோல்வாசி:
விடுதிக்கு வருபவரைப் பற்றி மேலே யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்: அவரிடம் கொடுக்காதீர்கள். அது உண்டியல், அதாவது உரிமம் இல்லாமல் பணம் கைமாற்றும் முறை. பணம் போய்ச் சேராது என்பதற்காக இதைச் சொல்லவில்லை, பெரும்பாலும் சேர்ந்துவிடும். யாருடைய கணக்கிலிருந்து சேர்கிறது என்பதுதான் சிக்கல். அப்பாவின் பாஸ்புக்கில் முன்பின் தெரியாத ஒருவரின் பெயர் இருக்கும். அந்த ஆளின் கணக்கு ஏதாவது இணைய மோசடிப் புகாரில் சிக்கினால், அதிலிருந்து பணம் பெற்ற கணக்குகளையும் சைபர் குற்றப் பிரிவினர் முடக்கச் சொல்வார்கள். எந்த ஊர்க் காவல்துறை முடக்கியது என்று கண்டுபிடிக்கவே உங்கள் அப்பா வங்கிக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும்.

இதே வகைச் சிக்கல் சீனாவுக்குப் பணம் அனுப்பியவர்களுக்கு 2023இல் நேர்ந்தது. இடைமுகவர்களின் கணக்குகள் வழியாகப் பணம் போனதால், பெற்றவர்களின் கணக்குகளை அந்நாட்டுக் காவல்துறை முடக்கியது. அதன் பிறகு, 2024 ஜனவரி 1 முதல் சீனாவுக்கு வங்கி, அட்டை வழிகளைத் தவிர மற்ற வழிகளில் அனுப்புவதைச் சிங்கப்பூர் நாணய ஆணையம் நிறுத்தி வைத்தது. ஆகவே, கடையோ செயலியோ, அதன் பெயர் ஆணையத்தின் இணையத்தளத்தில் உரிமம் பெற்றோர் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உங்கள் சம்பளம் டிபிஎஸ் அல்லது பிஓஎஸ்பி வங்கிக் கணக்கில் வருகிறதென்றால் இன்னொரு வழியும் உண்டு. 2023 பிப்ரவரி 21 அன்று சிங்கப்பூரின் உடனடிப் பணப் பரிமாற்ற முறையான பேநவும் இந்தியாவின் யுபிஐயும் இணைக்கப்பட்டன. தொடக்கத்தில் நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்தார்கள். உங்கள் தொகை இப்போதைய வரம்பைத் தாண்டினால் இரண்டு நாளாகப் பிரித்து அனுப்பினால் போதும்.

சுந்தரி:
செயலியைப் புகழ்பவர்கள் கடையை இவ்வளவு எளிதாக ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. உரிமம் பெற்ற கடையில் ரசீது தருகிறார்கள், கணக்கு எண்ணைத் திரும்பப் படித்துக் காட்டுகிறார்கள், தவறு நேர்ந்தால் நேரில் போய்க் கேட்கவும் ஆள் இருக்கிறது. செயலியில் அந்தப் பொறுப்பு முழுவதும் நம்முடையது. பழைய பாஸ்புக்கைப் பார்த்து, வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி எண்ணை இடுபவர்கள் கவனிக்க வேண்டும்: கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் இந்தியா வங்கியோடு இணைக்கப்பட்ட பின் அதன் பழைய எண்கள் மாறிவிட்டன. சிண்டிகேட், அலகாபாத் வங்கிக் கிளைகளுக்கும் இதே நிலைதான். புதிய செயலியில் முதல் முறை ஒரு சிறு தொகையை அனுப்பி, அது அப்பாவின் கணக்கில் ஏறியதை அவரிடமே கேட்டு உறுதி செய்த பிறகு மீதியை அனுப்புங்கள்.

கணக்குப்பிள்ளை:
சுந்தரி அவர்கள் சொல்வது சரிதான். நான் கடையை ஒதுக்கவில்லை, விலையைத்தான் ஒப்பிட்டேன். விடுபட்ட இரண்டு கேள்விகளுக்கு வருகிறேன்.

மகன் அப்பாவுக்கு அனுப்பும் பணம் நெருங்கிய உறவினர் தரும் கொடை என்பதால், எவ்வளவு தொகையானாலும் அப்பாவுக்கு அதன்மேல் வருமான வரி இல்லை. அவர் அதை வைப்புநிதியில் போட்டால் வரும் வட்டி மட்டும் அவருடைய வருமானமாகும்.

உங்கள் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. வேலைக்காக வெளிநாடு சென்றவர் அதை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வசிப்போரின் சாதாரண ரூபாய்க் கணக்காக) மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதி. உங்கள் சம்பளத்தைச் சேர்த்து வைக்க, வெளிநாட்டு வருமானத்துக்கென உள்ள என்ஆர்இ கணக்கு ஒன்றைத் தனியாகத் தொடங்குங்கள். நீங்கள் வெளிநாட்டில் வசிக்கும்வரை அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, பணத்தைத் தடையின்றித் திரும்பவும் எடுத்துச் செல்லலாம். என்ஆர்ஓ வட்டியிலோ 30 விழுக்காடும் அதன்மேல் கூடுதல் தீர்வையும் முதலிலேயே பிடித்துவிடுவார்கள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கடவுச்சீட்டு, வேலை அனுமதி அட்டை இரண்டின் நகல்களையும் எடுத்துச் சென்றால், கணக்கு மாற்றத்தையும் புதிய கணக்கையும் ஒரே நேரத்தில் கிளையில் கேட்டு முடித்துக்கொள்ளலாம்.